“நீயாத்தானே பஸ் ஏறின?”: ஆள்கடத்தல் வழக்கில் சம்மதம் செல்லாது

துணிக்கடையில் வேலை என்று சொல்லி ஒரு பெண்ணை வெளியூருக்கு அழைத்துப் போய்ப் பாலியல் தொழிலில் தள்ளிவிடுகிறார்கள். மீட்கப்பட்டு ஸ்டேஷனுக்கு வந்தவளிடம் கேட்கிறார்கள்: “நீயாத்தானேம்மா பஸ் ஏறின?” அவளால் பதில் சொல்ல முடிவதில்லை. ஏறியது உண்மைதானே.

சட்டத்துக்கு அந்தப் பதில் தேவையே இல்லை. சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை மிரட்டியோ, ஏமாற்றியோ, பணத்தாசை காட்டியோ சேர்ப்பதும், கூட்டிப் போவதும், தங்கவைப்பதும், கைமாற்றுவதும் ஆள்கடத்தல் என்கிறது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டல்ல என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தண்டனை 7 முதல் 10 ஆண்டு. 18 வயது நிரம்பாதவரைக் கடத்தினால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை.

இந்த வரையறை ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறையைத் தழுவியது. இந்தியா அதை 2011இல் ஏற்றது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு பரிந்துரைக்க, 2013இல் பழைய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவாக வந்தது. அதுவரை கையில் இருந்த 1956ஆம் ஆண்டு விபசாரத் தடுப்புச் சட்டமும், ஆள்கடத்தலை ஒழிக்க 1950இல் நியூயார்க்கில் ஆன ஐ.நா. உடன்படிக்கைக்காகப் போட்டதுதான். பாலியல் தொழில் விடுதி நடத்துபவரையும் புரோக்கரையும் தண்டிக்கும் அந்தச் சட்டத்தில், பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்தாள் என்று பெண்ணையே பிடிக்கவும் ஒரு பிரிவு உண்டு. இன்றும் இருக்கிறது.

உலக நாடுகளின் ஆள்கடத்தல் தடுப்பு முயற்சியை மதிப்பிடும் அமெரிக்காவின் வருடாந்திர அறிக்கை 2004 முதல் 2010 வரை இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்தது. போலீசில் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுகள் தொடங்கியது அந்த ஆண்டுகளில்தான். நெருக்கடி பலன் தந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் எத்தனை ரெய்டு, எத்தனை பேர் மீட்பு என்ற கணக்கு முன்னால் வந்தால் அந்தப் பெண் பின்னால் போய்விடுவாள். வயதுவந்து, தன் விருப்பத்தோடு தொழில் செய்பவரை ரெய்டில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

மீண்டு வந்தவருக்கு வக்கீல் இலவசம். வருமானச் சான்று வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். இழப்பீட்டு மனுவும் அங்கேதான். கூட்டிப்போனவன் பிடிபடாமல், விசாரணையே நடக்காவிட்டாலும் அந்த மனுவைக் கொடுக்கலாம்.