உபரிப் பட்டியலில் பெயர் வந்தால் உடனே ராஜினாமா எழுதாதீர்கள்

ஆகஸ்டு 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து, பள்ளிகளில் மிஞ்சும் ஆசிரியர்களின் உபரிப் பட்டியல் வந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கமெல்லாம் ஒரே பேச்சு: "அந்த டீச்சருக்கு வேலை போயிருச்சாம்." மறுபடியும் ஒருவர், அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டு விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். எத்தனை தடவைதான் சொல்வது?

உபரி என்றால் பணிநீக்கம் இல்லை. குற்றச்சாட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை பணியிடம் போதும் என்று கணக்குச் சொல்கிறது. மிஞ்சுகிறவரை, ஆள் பற்றாத பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பணிநிரவல் என்பது இவ்வளவுதான். சம்பளம் குறையாது, பணிக்காலம் அறுபடாது, சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பும் போகாது. உதவிபெறும் பள்ளியில் அரசு ஒப்பளித்த பணியிடத்தில் இருப்பவருக்கும் பணிநிரவல் உண்டு. நிர்வாகமே சம்பளம் தரும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர் நிலைமை வேறு. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால்தான் அதுவரை பார்த்த பணிக்காலமே ஓய்வூதியக் கணக்கில் இல்லாமல் போகும்.

மல்லுக்கட்ட வேண்டியது எண்ணிக்கையில். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. ஒரே ஒரு பிள்ளையில் ஒரு பணியிடம் தங்கும், அல்லது போகும். தினமும் வகுப்புக்கு வரும் பிள்ளையின் பெயர், கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் பழைய பள்ளியிலேயே கிடக்கும். டிசி கொடுத்தவர்கள் அந்தப் பெயரை, புதிய பள்ளி எடுத்துக்கொள்வதற்கான எமிஸ் பொதுத் தொகுப்புக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் 61, எமிஸில் 60. ஜூலை கடைசிக்குள் இரண்டையும் பெயர் பெயராக ஒத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்து, உபரியாகக் கணக்கிடப்படும் பணியில் இளையவர் யார் என்பது. பள்ளிக்கு வந்த தேதியா, பணியில் சேர்ந்த தேதியா என்று அந்த ஆண்டு நெறிமுறையைப் படியுங்கள். பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாள் மட்டுமல்ல, முற்பகலா பிற்பகலா என்பதும் சரியாக இருக்க வேண்டும். தவறு இருந்தால் பணிநிரவல் கலந்தாய்வுக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். போனில் சொன்னேன், சங்கத்தில் சொன்னேன் என்பதெல்லாம் கோப்பில் ஏறாது.

பணிநிரவல் ஆணை வந்துவிட்டதா? புதிய பள்ளியில் போய்ச் சேருங்கள். ஆட்சேபணை நிலுவையில் இருப்பதைச் பணியில் சேரும் அறிக்கையிலேயே எழுதுங்கள். சேராமல் வீட்டில் இருந்தால் சம்பளம் நிற்கும், 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகும். விடுவிப்பு ஆணை, கடைசி ஊதியச் சான்று இரண்டையும் கையோடு வாங்குங்கள். பணிப்பதிவேடு புதிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்.

அதிகாரிகளுக்கு மனு மேல் மனு போட்டால் வழக்குப் போடுவதற்கான காலம் நீளும் என்று நம்பாதீர்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் முதலில் கேட்கப்படுவது ஏன் இவ்வளவு தாமதம் என்பதுதான்.

விருப்ப ஓய்வுக் கடிதம் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களே, தயவுசெய்து இன்றே கிளம்புங்கள். ஓய்வு நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்னால், கடிதத்தைத் திரும்பப் பெற அனுமதி கேட்டு, நியமன அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள்.