தலைக்குப் பின்னால் பிடித்தாலும் குத்தும்

கோடையின் முதல் மழை பெய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பாம்பிடம் குத்து வாங்கி வந்த மூன்றாவது ஆளின் விரல் இது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்: ஸ்டிலெட்டோ பாம்பு.

வந்தவருடைய ஆள்காட்டி விரல் வீங்கி, தோல் விறைத்துப் பளபளத்தது. பக்கவாட்டில் ஒரே ஒரு ஊசிக்குத்து, சுற்றிலும் கருநீலம். பாம்பையும் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஓர் அடிக்குச் சற்று அதிகம், மினுமினுக்கும் கறுப்பு, கடுகு போன்ற கண், கழுத்து எங்கே தொடங்குகிறதென்றே தெரியாத சின்னத் தலை. பார்த்தால் பரம சாது. "தலைக்குப் பின்னால் சரியாகத்தான் பிடித்தேன் டாக்டர்" என்றார்.

அந்தப் பிடிதான் கெடுத்தது! மற்ற பாம்புகள் கடிக்க வாயைத் திறந்தாக வேண்டும். இதற்கு அது வேண்டாம். மண்ணுக்கடியில், வளைக்குள் புகுந்து பல்லியையும் எலிக்குஞ்சையும் தின்கிற பிறவி. அந்த இடுக்கில் வாயைப் பிளக்க ஏது இடம்? மூடிய வாயின் ஓரத்திலிருந்து நீளமான பல் ஒன்று பக்கவாட்டில் வெளியே வரும். தலையை ஒரு வெட்டு வெட்டிப் பின்னோக்கிக் குத்தும். பின்னால் இருப்பது உங்கள் விரல். இன்னும் இறுக்கிப் பிடித்தாலும், கட்டைவிரலால் உச்சியை அமுக்கினாலும் இதே கதைதான். பழகிய கை என்ற பேச்சும் வேண்டாம். பாம்பு பிடித்துப் பழகியவர்களும் என்னிடம் வருகிறார்கள். இதைக் கையால் பிடிக்கப் பத்திரமான முறை என்று ஒன்று கிடையாது.

அடுத்த சண்டை, விஷமுறிவு மருந்து போடச் சொல்லி. இங்கே தயாராகும் பன்முக மருந்து 10 பாம்பு இனங்களின் விஷத்துக்கானது. அதில் இது சேர்த்தியில்லை. போட்டால் ஒவ்வாமை ஆபத்துதான் மிச்சம். வலிக்கு மருந்து கொடுப்போம், புண்ணைக் கவனிப்போம், காத்திருப்போம். உயிர் பிழைத்துக்கொள்ளும், விரல் நுனிக்கு உத்தரவாதமில்லை.

மழை இரவுகளில் இவை மேலே வரும். மூடிய செருப்பும் டார்ச்சும் இல்லாமல் வெளியே போகாதீர்கள். கல்லையோ கட்டையையோ வெறுங்கையால் புரட்டாதீர்கள். கழுத்தை வளைத்து மூக்கைத் தரையில் ஊன்றி நிற்கும் பாம்பைக் கண்டால் தயவுசெய்து தொடவே தொடாதீர்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். பாட்டிலும் வேண்டாம், போனில் ஒரு படம் போதும்.

மோதிரத்தை மட்டும் அந்த நிமிடமே கழற்றிவிடுங்கள். இவர் கழற்றவில்லை. கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். வெளியே நின்றிருந்த மனைவியிடம் இரண்டு துண்டாகக் கொடுத்ததும் நான்தான்.