“இதோட அண்ணன் கிரேடு ஒன்” என்று யாராவது சொன்னால்

சேலத்தில் கால்நடை மருத்துவம் பார்ப்பவனுக்கு மாடும் ஆடும் நாயும்தான் சோறு போடும். குதிரை எப்போதாவது வரும். ஆனால் இப்போதெல்லாம் அந்த ‘எப்போதாவது’ அடிக்கடி வருகிறது, ஏனென்றால் ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள், ஓமலூர் பக்கம் பண்ணை வீடு கட்டியவர்கள், ரைடிங் ஸ்கூல் ஆரம்பிக்கலாம் என்று நினைக்கும் பையன்கள் என்று பலரும் பெங்களூர், மைசூர் பக்கமிருந்து ஓட்டம் முடிந்த ரேஸ் குதிரைகளை வாங்கி வருகிறார்கள். வாங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு கதை.

போன மழைக்காலத்தில் ஒருவர் அதிசயமாக வாங்குவதற்கு முன்பே கூப்பிட்டார். குப்பனூர் வழியாக ஏறிப் போனால் வரும் ஒரு காபி எஸ்டேட். பெட்டைக் குதிரை, ஆறு வயது, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கொண்டுவந்த புரோக்கர் நான் கழுத்தில் கை வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்: “இதோட அண்ணன் கிரேடு ஒன் ஜெயிச்சவன் டாக்டர். இதுவும் கிளாஸ் குதிரை. குட்டி எடுத்தீங்கன்னா போட்ட காசு திரும்பிரும்.” கேட்ட விலை, சாதாரண ரைடிங் குதிரையைப் போல நாலு மடங்கு.

எஸ்டேட்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கிரேடுன்னா நம்ம காபி மாதிரிதானுங்களே?” என்றார். நியாயமான கேள்வி. காபிக் கொட்டையைச் சல்லடையில் போட்டு, பிளான்டேஷன் ஏ, பி, பீபெரி என்று பிரிக்கிறோம், கிரேடு அந்தக் கொட்டைக்கு. குதிரைப் பந்தயத்தில் அப்படி இல்லை. கிரேடு பந்தயத்துக்குத்தான், குதிரைக்கு இல்லை. ‘கிரேடு ஒன் குதிரை’ என்று ஒரு சரக்கே கிடையாது. கிரேடு ஒன் பந்தயத்தில் ஜெயித்த குதிரை உண்டு, மூன்றாவதாக வந்த குதிரை உண்டு, கடைசியாக வந்த குதிரையும் உண்டு. கடைசியாக வந்ததையும் “கிரேடு ஒன் ஓடின குதிரை” என்று சொன்னால் அது பொய் ஆகாது பாருங்கள், அங்கேதான் வியாபாரம் நடக்கிறது.

இந்தக் கிரேடு எப்படி வந்தது என்று தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். 1971-ல் ஐரோப்பாவில் முக்கியமான பந்தயங்களை குரூப் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தினார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1973-ல் அமெரிக்காவும் அதையே கிரேடு 1, 2, 3 என்று ஆரம்பித்தது. அதற்கு அடுத்த படி ‘லிஸ்டட்’ பந்தயங்கள். காரணம் முழுக்க முழுக்க வாங்குபவர்தான். ஏலத்துக்கு வரும் குட்டியின் அம்மா ஜெயித்த பந்தயம் பெரிய பந்தயமா, பேர் மட்டும் பெரிய பந்தயமா என்று கடல் தாண்டி இருக்கும் ஒருவருக்கு எப்படித் தெரியும்? பரிசுத் தொகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, பணக்காரக் கிளப் சுமாரான பந்தயத்துக்கும் கொட்டிக் கொடுக்கும்.

அதனால் அளவுகோல், யார் யார் ஓடினார்கள் என்பது. முதல் நான்கு இடங்களில் வந்த குதிரைகளின் ரேட்டிங்கை, அதாவது ஓடிய திறமைக்குப் போடும் புள்ளியை, எடுத்து, சராசரி போட்டு, ஒரே வருடத்தை நம்பாமல் சில வருடங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள குதிரைகளுக்கான குரூப் 1 பந்தயம் 115-க்குக் குறையக் கூடாது. குரூப் 2-க்கு 110, குரூப் 3-க்கு 105, லிஸ்டடுக்கு 100. பெட்டைகள் மட்டும் ஓடும் பந்தயம் என்றால் சில புள்ளிகள் குறைவு. குறைந்துகொண்டே போனால் எச்சரிக்கை, அப்புறம் இறக்கம். நூறு வருடப் பாரம்பரியம் என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. அமெரிக்காவில் வுட் மெமோரியல், ப்ளூ கிராஸ் இரண்டும் கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயத்துக்கு முன்னோட்டமாக நடக்கும் பேர்போன பந்தயங்கள். 2017-ல் இரண்டையும் கிரேடு 1-லிருந்து 2-க்கு இறக்கினார்கள். ப்ளூ கிராஸ் 2022-ல் திரும்ப மேலே ஏறியது. ஆகவே ஒரு குதிரை ஜெயித்த பந்தயத்தின் பெயர் மட்டும் போதாது, எந்த வருடம் என்றும் கேட்க வேண்டும்.

இந்தியாவிலும் கிரேடு உண்டு. மும்பை மகாலட்சுமியில் 2,400 மீட்டர் ஓடும் இந்தியன் டெர்பி, 1943-ல் தொடங்கியது, நமக்கு அதுதான் உச்சம், கிரேடு 1. ஆனால் ஏலத்துக்கு வரும் குதிரைகளின் விவரப் புத்தகத்துக்கான சர்வதேச கேட்லாக் விதிகள் நாடுகளையே பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இந்தியா முதல் பகுதியில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. நம் ஊர் கிரேடு 1-க்கு வெளியே அதே எடை கிடையாது. கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, உள்ளூர் மைதானத்தில் அடித்த செஞ்சுரியை டெஸ்ட் செஞ்சுரியோடு யாரும் சேர்த்து எண்ணுவதில்லையே.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘கிளாஸ்’. நம் ரேஸ் கோர்ஸ்களில் தினசரி நடப்பவை பெரும்பாலும் ஹேண்டிகேப் பந்தயங்கள். ரேட்டிங் கூடிய குதிரைக்கு முதுகில் எடை கூடும், ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ கணக்கு. ரேட்டிங்கை வைத்தே கிளாஸ் 1-லிருந்து 5 வரை பிரிப்பார்கள். நம் பக்கத்துக் குதிரை வண்டிப் பந்தயத்தில் இன்ச் கணக்கில் உயரம் அளந்து பிரிக்கிறார்களே, அது போலச் சமமானவற்றைச் சேர்த்து ஓட விடும் ஏற்பாடு. கிளாஸ் 1 என்றால் கிரேடு 1 இல்லை. புரோக்கர் “கிளாஸ் குதிரை” என்று சொன்னது இந்த இடைவெளியில்தான் நின்றுகொண்டிருந்தது.

சரி, அண்ணனுக்கு வருவோம். நம் வீட்டில் அப்பா ஒன்று, அம்மா வேறு என்றாலும் அண்ணன் அண்ணன்தான். குதிரை உலகத்தில் அப்படி இல்லை. அம்மா ஒன்றாக இருந்தால்தான் பாதி அண்ணன், அப்பா மட்டும் ஒன்று என்றால் உறவே சொல்லக் கூடாது. காரணம் எளிது: பெட்டை பதினொரு மாதம் சுமந்து வருடத்துக்கு ஒரு குட்டி போடும், பேர்பெற்ற ஸ்டாலியனுக்கோ, அதாவது பொலிகுதிரைக்கோ, ஒரே சீசனில் நூறு குட்டிகூடப் பிறக்கும். நூறில் ஒன்று டெர்பி ஜெயித்தால் மற்ற தொண்ணூற்றொன்பதும் தம்பி தங்கை என்று கிளம்பிவிடும். இந்தப் பெட்டையின் ‘அண்ணன்’ அந்த ரகம். அம்மாக்கள் வேறு வேறு.

அதை நான் வம்சாவளித் தாளில் பார்த்தேன். ஏலக் கேட்லாக்கில் வம்சாவளிப் பக்கத்தின் பெரும்பகுதி அம்மா வழிதான் இருக்கும், அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி, அவர்களுடைய பிள்ளைகள். கிரேடு அல்லது லிஸ்டட் பந்தயம் ஜெயித்திருந்தால் பெயர் தடித்த கறுப்பில் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது என்றால் தடித்த கறுப்பு, ஆனால் முதல் எழுத்து மட்டும்தான் பெரிது. நாலாவதுக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கறுப்பு எழுத்துக்காகவே, சாதாரணப் பந்தயத்தில் சுலபமாக ஜெயிக்கக்கூடிய பெட்டையைக் கிரேடு 3-ல் மூன்றாவதாவது வரட்டும் என்று டிரெய்னர்கள் இறக்குவார்கள், ஏனென்றால் அவள் பிள்ளைகள் விற்கும் காலம் வரை அந்தப் பெயர் கறுப்பாகவே நிற்கும். நம் பெட்டையின் பக்கத்தில் மூன்று தலைமுறைக்கு ஒரு கறுப்பு எழுத்து இல்லை. அவள் கணக்கில் இருந்தது கிளாஸ் 4-ல் ஒரு வெற்றி.

தாள் இவளுடையதுதானா என்று அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பாஸ்போர்ட்டில் நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி எல்லாம் வரைந்திருக்கும். அந்தியூர் சந்தையில் சுழி பார்ப்பது ராசிக்கு, இங்கே ஆள் அடையாளத்துக்கு. இடது கழுத்தில் மைக்ரோசிப், ரீடர் காட்டிய எண்ணும் தாளில் இருந்த எண்ணும் ஒன்று. அந்த மட்டில் புரோக்கர் யோக்கியர்தான். வேறு குதிரையின் தாளோடு வந்த குதிரையையும் நான் பார்த்திருக்கிறேன். சிப் எண் ஒத்துப்போகாவிட்டால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

அப்புறம்தான் கால். முன் இடது காலில் பின்பக்கத் தசைநார் பழைய வீக்கம், ஸ்கேனில் ஆறிய தழும்பு. ரேஸுக்கு ஆகாது, எஸ்டேட் பாதையில் நிதானமாக ஏறி இறங்க ஆகும். இதை எந்தக் கிரேடும் சொல்லாது. அண்ணனே நிஜமாக டெர்பி ஜெயித்திருந்தாலும் இந்தக் கால் இதே கால்தான்.

எஸ்டேட்காரர் ரைடிங் குதிரை விலைக்குக் கேட்டார். புரோக்கர் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை, மூன்றாம் நாள் சரி என்றார். இப்போது அவள் காபி களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறாள். களத்து ஆபீஸ் சுவரில் அந்த வம்சாவளித் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கிளாஸ் 4 வெற்றி இருக்கும் வரிக்கு அடியில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு.