கான்வென்ட் இங்கிலீஷ் இருந்தால் போதுமா?

கோத்தகிரிக்கு விடுமுறையில் வரும் பைலட் மாணவர்களுக்கு ரேடியோ பயிற்சி கொடுத்து வருகிறேன். பணிக்காலம் முழுக்க ஏ.டி.சி.யில், அதாவது விமானங்களுக்கு வழிசொல்லும் கட்டுப்பாட்டு மையத்தில், மைக் பிடித்தவன் நான். போன வாரம் ஒரு பையனுக்கு இறங்க வேண்டிய உயரமும், உயரம் காட்டும் கருவியான அல்டிமீட்டரில் வைக்க வேண்டிய காற்றழுத்தமும் சொன்னேன். “ரோஜர்” என்றான், அதாவது ‘கேட்டுக்கொண்டேன்’. சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும்; ஓர் எண்கூடத் திரும்பி வரவில்லை. ஏன் தம்பி என்று கேட்டால், கூட வந்த அப்பா முந்திக்கொள்கிறார்: “ஊட்டி கான்வென்ட்ல படிச்சவன் சார், இங்கிலீஷ் எல்லாம் அவனுக்குப் பிரச்சினையே இல்ல.”

இதை எத்தனை பேர் வாயால் கேட்டாகிவிட்டது! உயரத்தில் குழப்பம் என்றாலே ஆங்கிலம் தெரியாதவன் செய்த வேலை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடனே 1996இல் ஹரியானாவின் சார்க்கி தாத்ரியில் நடந்த விபத்தைக் காட்டுவார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் இருந்த சவூதி விமானத்தோடு மோதியது. 349 பேர் போனார்கள். அங்கே மொழிச் சிக்கலும் இருந்தது, மறுக்கவில்லை.

சரி, 1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் சுபாங்கில் நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? ஃப்ளையிங் டைகர் 66, அமெரிக்க நிறுவனத்தின் சரக்கு விமானம். கன்ட்ரோலர் “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்றார். அவர் சொன்னது 2,400 அடி. காக்பிட்டில் அந்த ‘டூ’ இரண்டாக (two) விழவில்லை, ‘வரை’ (to) என்று விழுந்தது. ஆங்கிலம் சரளமாக வருகிறவர் காதுக்கு அப்படி விழுவதுதான் இயல்பு. “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று பதில் போனது. 400 அடி! யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி கத்தியும் விமானம் ஏறவில்லை; குன்றில் மோதி நால்வரும் இறந்தார்கள். ‘டூ தௌஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்று விதிப்படி சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துப் பதில் வராவிட்டால் வண்டியைத் திருப்பலாம். ரேடியோவில் அது ஆகாது. கன்ட்ரோலர் பேசாமல் இருந்தால் நீங்கள் சொன்னது சரி என்று அர்த்தமில்லை. அந்த நொடியில் அவர் வேறு லைனில் இருந்திருக்கலாம். உங்களுடையதைப் போன்ற அழைப்புப் பெயர் கொண்ட இன்னொரு விமானத்துக்குப் போன அனுமதியை நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கவும் கூடும். சமவெளிப் பக்கம் போகிறவருக்கு 5,000 அடி சரியாக இருக்கும். இந்தப் பக்கம் அது நம்ம கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கும் கீழே.

திருப்பிச் சொன்னால் மட்டும் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 2022 மே மாதம், பாரிஸ் சார்ல் டி கோல். காற்றழுத்தம் 1001, கன்ட்ரோலர் 1011 என்று சொல்லிவிட்டார். காக்பிட்டிலிருந்தும் 1011 என்றே ஒழுங்காகத் திரும்பி வந்தது. பத்து ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 280 அடி. அல்டிமீட்டர் காட்டியதைவிட அவ்வளவு தாழ்வாக வந்த விமானம், ஓடுதளத்துக்கு முன்பே தரையிலிருந்து 6 அடி வரை இறங்கிவிட்டது. ஓடுதளம் கண்ணில் படவில்லை என்று மேலே ஏறியதால் பிழைத்தார்கள்.

ஆகவே தம்பிகளா, தங்கைகளா, உயரம், காற்றழுத்தம் இரண்டையும் எண்ணோடு, உங்கள் அழைப்புப் பெயரோடு திருப்பிச் சொல்லுங்கள். ‘ரோஜர்’ போதாது. ‘நைனர்’, ‘ஃபைஃப்’ என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். இரைச்சலில் நைனும் ஃபைவும் ஒன்றுபோலத்தான் கேட்கும். காற்றழுத்தத்தை ஏடிஸ் பதிவில், அதாவது விமான நிலையம் ரேடியோவில் ஓடவிடும் வானிலைத் தகவலில், கேட்டதோடு ஒப்பிடுங்கள். கிடைத்த உயரம் சார்ட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இருந்தால் இறங்காதீர்கள், கேளுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் வேறு எண் கேட்டிருந்தால் அவரோடு வாதாட வேண்டாம், ‘ஸே அகெய்ன்’ என்று கன்ட்ரோலரையே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இப்போது மைக் முன்னால் உட்கார்ந்திருக்கும் என் பழைய சகாக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பீக் நேரத்தில் ஒரு புதுப் பையன் மறுபடி கேட்டால் குரலில் எரிச்சல் காட்டாதீர்கள். ஒருமுறை கடி வாங்கியவன் அடுத்த தடவை சந்தேகம் வந்தாலும் ‘ரோஜர்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.