கடைசிவரை காட்டிக்கொடுக்காத சர்வ்

போரிஸ் பெக்கர் 1985-இல், 17 வயதில், விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை வென்றவர். அவருடைய சர்வை, அதாவது ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் முதல் அடியைத் திருப்பி அடிக்க முடியாமல் பெரிய பெரிய வீரர்களே திணறினார்கள். அமெரிக்க வீரர் ஆண்ட்ரே அகாசியும் அவரிடம் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றார். அப்புறம் பெக்கருடைய ஆட்டப் பதிவுகளை உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பந்தைத் தூக்கிப் போடுவதற்குச் சற்று முன்னால் பெக்கர் நாக்கை லேசாக வெளியே நீட்டுவார். நாக்கு உதட்டின் நடுவில் இருந்தால் பந்து நடுக்கோட்டுக்கோ உடம்புக்கோ வரும். ஓரத்தில் இருந்தால் வெளிப்பக்கம், அதாவது பந்து விழ வேண்டிய கட்டத்தின் வெளி ஓரத்துக்குப் போகும். அதன்பிறகு இருவரும் மோதிய 11 ஆட்டங்களில் 10-ஐ அகாசி வென்றார். பெக்கர் ஓய்வு பெற்ற பிறகுதான் அகாசி இந்த ரகசியத்தை அவரிடமே சொன்னார்.

இந்த 11 ஆட்டங்களிலும் பெக்கருடைய கையில் வலு இருந்தது, பந்தில் வேகம் இருந்தது. பந்து எங்கே வரப்போகிறது என்பது மட்டும் எதிராளிக்கு முன்பே தெரிந்துவிட்டது. சர்வை எப்படி மேம்படுத்துவது என்று யாராவது என்னிடம் கேட்டால், வேகத்தைப் பற்றிப் பேசும் முன் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

காரணம், சர்வில் நாம் எதிராளியிடமிருந்து பறிப்பது நேரத்தை. அதை எண்ணில் பார்த்துவிடலாம். மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் கிளம்பும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க, காற்றின் தடையை விட்டுவிட்டால், சுமார் அரை நொடி ஆகும். 190 கி.மீ. என்றால் 0.45 நொடி. காற்றும் தரையும் பந்தின் வேகத்தைக் குறைப்பதால் நிஜத்தில் இரண்டுமே கொஞ்சம் கூடும். ஆனாலும் வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் ஐந்தாறு பங்குதான். அந்த 20 கி.மீ. வேகத்தைக் கூட்ட ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. அடிப்பதற்காகப் பந்தை மேலே தூக்கிப் போடுவதுதான் டாஸ். டாஸ் போடும் கையிலிருந்து பந்து கிளம்பி, ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக மேலே போய், கொஞ்சம் கீழே இறங்கி மட்டையில் படுவதற்குச் சுமார் முக்கால் நொடி ஆகிறது. இந்த சர்வ் எந்தப் பக்கம் என்பதை உங்கள் டாஸே சொல்லிவிடுகிறது என்றால், எதிராளிக்கு அந்த முக்கால் நொடி இனாமாகக் கிடைக்கிறது. அரும்பாடுபட்டு நூறில் ஐந்து பங்கை மிச்சப்படுத்திவிட்டு, மறுகையால் 75 பங்கை அள்ளிக்கொடுக்கிறோம்.

எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு அந்த நேரம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். ஒன்றைப் பார்த்து, வலமா இடமா என்று தீர்மானித்து, உடம்பை நகர்த்தத் தொடங்கவே மனித மூளைக்கு 0.2 நொடிக்கு மேல் பிடிக்கும். வேகமான சர்வில் மீதி இருப்பது ஓரிரண்டு எட்டு வைத்து மட்டையை நீட்டும் அளவுக்குத்தான். அதனால் தேர்ந்த வீரர்கள் பந்து மட்டையில் படும்வரை காத்திருப்பதில்லை. டாஸ், தோள், கை இவற்றிலிருந்தே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சர்வ் போடும் காணொளியைப் பந்து மட்டையில் படும் தறுவாயில் நிறுத்திவிட்டு, "எங்கே போகும்?" என்று கேட்கும் ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் புதியவர்களைவிடச் சரியாகச் சொல்கிறார்கள். நம் உடம்பு பேசுகிறது, அவர்களுக்கு அந்த மொழி தெரியும்.

அதிகம் பேசுவது டாஸ்தான். வலக்கைக்காரர் ஒருவர் ஸ்லைஸ் (பக்கவாட்டில் வளையும் சர்வ்) போட நினைத்தால் பந்தை வலப்பக்கமாகப் போடுவார். கிக் சர்வ் (தரையில் பட்டதும் உயர எழும்பும் சர்வ்) என்றால் தலைக்கு மேலே, சற்று இடப்பக்கம். வேகமாக அடிக்க வேண்டுமென்றால் உடம்புக்கு முன்னால். மூன்று இடங்கள், மூன்று அறிவிப்புகள். என்னுடைய சர்வை முதன்முறையாகக் கைப்பேசியில் பின்னாலிருந்து படம்பிடித்துப் பார்த்தபோது ஸ்லைஸுக்கும் கிக்குக்கும் நடுவே டாஸ் ஓர் அடிக்கு மேல் தள்ளியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில்தான் போடுகிறேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓர் அடி தள்ளுவதற்குப் பெரிய பிழை எதுவும் தேவையில்லை. 1.3 மீட்டர் மேலே போகும் டாஸ், செங்குத்திலிருந்து 5 பாகை சாய்ந்தால் போதும். பந்து இறங்கி வருவதற்குள் 30 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். அந்த 5 பாகை பெரும்பாலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் இருந்துதான் வருகிறது. பந்தைச் சுண்டாமல், முழங்கையை மடக்காமல், தண்ணீர் நிறைந்த டம்ளரைச் சிந்தாமல் மேலே தூக்குவதுபோலக் கையைத் தோளிலிருந்து உயர்த்தி, கண் உயரத்தைத் தாண்டும்போது விரல்களைத் திறந்துவிட வேண்டும். கையில் எவ்வளவு குறைவான மூட்டுகள் அசைகின்றனவோ, அவ்வளவு குறைவாகப் பிழை நேரும்.

டாஸின் உயரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. மேலே எறிந்த பந்து உச்சியை நெருங்கும்போது மெதுவாகி, ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும். உச்சிக்குக் கீழே உள்ள கடைசி 5 சென்டிமீட்டருக்குள் அது ஏறி இறங்க 0.2 நொடி எடுத்துக்கொள்கிறது. மாறாக, அடிக்கும் இடத்தைவிட ஒரு மீட்டர் உயரமாகப் போட்டுவிட்டால், இறங்கும்போது அதே 5 சென்டிமீட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கில் தாண்டிவிடும். அதாவது, சரியாக அடிக்கக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய 18-இல் ஒன்றாகச் சுருங்குகிறது. அதற்காக உச்சியிலேயே அடித்துவிட வேண்டும் என்றும் இல்லை. சற்று இறங்கி வரும் பந்து மட்டையின் நரம்புகளின்மேல் கீழ்நோக்கி உரசுவதால் கொஞ்சம் டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கிய சுழற்சி, தானாகவே சேரும். உச்சியிலிருந்து 20, 30 சென்டிமீட்டர் இறங்கியதும் அடிப்பது எனக்குச் சரியாக வருகிறது.

சரி, ஒரே டாஸிலிருந்து இரண்டு பக்கமும் எப்படி அடிப்பது? நடுக்கோட்டுக்குப் போகும் சர்வுக்கும் கட்டத்தின் வெளி ஓரத்துக்குப் போகும் சர்வுக்கும் இடையே 12, 13 பாகைதான் வித்தியாசம். பந்து விழ வேண்டிய சர்வீஸ் கட்டத்தின் அகலம் 4.1 மீட்டர், நாம் நிற்கும் மைதானத்தின் கடைக்கோடான பேஸ்லைனிலிருந்து கட்டத்தின் பின்விளிம்பான சர்வீஸ் கோட்டுக்கு 18.3 மீட்டர் என்பதால் வரும் கணக்கு இது. மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அடிக்கும் தறுவாயில் மேற்கை தோளில் உள்நோக்கிச் சுழல்கிறது, முன்கையும் கூடவே புரண்டு உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கத் திரும்புகிறது. தேர்ந்த வீரர்களின் தோளில் அந்தச் சுழற்சி நொடிக்கு 2000 பாகையைத் தாண்டும். அந்த வேகத்தில் 12 பாகை என்பது ஆயிரத்தில் ஆறு பங்கு நொடி. திசை முடிவாவது அங்கேதான். இடுப்பும் தோளும் மார்பும் ஒரே மாதிரி வந்து, கையின் புரளல் மட்டும் ஓர் இழை முந்தினாலோ பிந்தினாலோ பந்து வேறு பக்கம் போகும். எவ்வளவு கூர்மையான கண்ணாலும் அதை முன்கூட்டிப் பிடிக்க முடியாது.

நம்மில் பலர் திசையை மாற்றுவது தோளால். வெளிப்பக்கம் அடிக்க வேண்டுமென்றால் உடம்பே முன்கூட்டி அந்தப் பக்கம் திறந்துவிடும். பிடி இதற்கு ஒரு காரணம். மட்டையைத் தோசைக்கரண்டிபோல் தட்டையாகப் பிடித்தால் முன்கை புரள வழியில்லை, உடம்பைத்தான் திருப்பியாக வேண்டும். சுத்தியலால் ஆணி அடிப்பதுபோன்ற கான்டினென்டல் பிடியில்தான் கை சுதந்திரமாகப் புரளும். பழகும்வரை பந்து கண்டபடி பறக்கும், சில வாரங்கள் எரிச்சலாகவும் இருக்கும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வேகத்தையும் மறந்துவிட வேண்டாம். அதன் ஊற்று கையில் இல்லை. பந்துக்குப் போகும் ஆற்றலில் பாதியளவு கால்களும் இடுப்பும் முதுகும் தருவது. முழங்காலை மடக்கித் தரையை உந்தும்போது பிறக்கும் விசை இடுப்புக்கும், அங்கிருந்து தோளுக்கும், முழங்கைக்கும், மட்டைக்கும் சங்கிலியாக ஏறுகிறது. கால் சோம்பினால் அந்தப் பற்றாக்குறையைத் தோள் ஈடுகட்டப் பார்க்கும். தோள்வலி பலருக்கு அங்கே ஆரம்பிக்கிறது.

அடுத்து, ஸ்பின், அதாவது பந்தின் சுழற்சி. வலை நடுவில் 0.914 மீட்டர் உயரம். புவியீர்ப்பே இல்லையென்று வைத்துக்கொண்டு, வலையின் மேல்விளிம்பை உரசி சர்வீஸ் கோட்டில் விழும் நேர்கோட்டைப் பின்னால் நீட்டினால், பேஸ்லைனில் அது 2.61 மீட்டர் உயரத்தில் இருக்கும். நடுத்தர உயரமுள்ள ஒருவர் எம்பி அடிக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். ஆக, ஸ்பின் இல்லாமல் ஓங்கி அடிக்கும் சர்வ் உள்ளே விழ, புவியீர்ப்பு தரும் அரை மீட்டர் சரிவை மட்டுமே நம்பியிருக்கிறது. டாப்ஸ்பின் கொடுத்தால் கணக்கு மாறுகிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் தள்ள, காற்று பந்தைக் கீழே அழுத்துகிறது. மேக்னஸ் விளைவு என்பது இதுதான். நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் சுழலும் கிக் சர்வ் வலைக்கு மேலே தாராளமாகப் போய், சட்டென்று சரிந்து, தரையில் பட்டதும் தோள் உயரத்துக்கு எழும்பும். வலக்கைக்காரரின் கிக் எதிராளியின் இடப்பக்கமாக, அதாவது அவரும் வலக்கைக்காரர் என்றால் மட்டை பிடிக்கும் கைக்கு மறுபக்கமான பேக்ஹேண்டுக்குத் தாவும். ஸ்லைஸ் அதற்கு எதிர்ப்பக்கம் வளையும். இரண்டையும் ஒரே டாஸிலிருந்து போடுவதற்கு, இரண்டுக்கும் ஏற்ற ஒரு நடு இடத்தைத் தேட வேண்டும். கிக்கில் கொஞ்சம் துள்ளல் குறையும். பரவாயில்லை. எதிர்பாராமல் வரும் சுமாரான கிக், முன்பே தெரிந்து வரும் பிரமாதமான கிக்கைவிட அதிகப் புள்ளி தரும் என்பது என் அனுபவம்.

இதுவரை சொன்னது உடம்பு காட்டிக்கொடுப்பதைப் பற்றி. டாஸ் கச்சிதமாக இருந்தாலும் மனம் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு புள்ளி இழந்தால் அந்த கேமே கைவிட்டுப் போகும் 30-40 என்ற நிலை வந்தாலே எப்போதும் பேக்ஹேண்டுக்குப் போடுபவரை இரண்டாவது செட்டில் யாரும் படித்துவிடலாம். இங்கே ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் வெளிப்பக்க சர்வ் பலமானது. எதிராளி அதை எதிர்பார்த்துச் சாய்ந்து நின்றாலும் 100-க்கு 60 புள்ளி உங்களுக்கு, எதிர்பாராவிட்டால் 90. நடுக்கோட்டு சர்வ் கொஞ்சம் சுமார். எதிர்பார்த்தால் 50, எதிர்பாராவிட்டால் 70. பலமானதையே போட்டுக்கொண்டிருந்தால் எதிராளி அங்கேயே நிற்பார், உங்களுக்கு 60-தான். சரியான கலவை எது என்று கணக்குப் போட்டால், வெளிப்பக்கம் 40 சதவீதம், நடுக்கோடு 60 சதவீதம் என்று வருகிறது. அப்போது எதிராளி எப்படி நின்றாலும் உங்களுக்கு 66 கிடைக்கும். பலமான சர்வைக் குறைவாகப் போட வேண்டும் என்ற இந்த விடை முதலில் யாரையும் யோசிக்க வைக்கும். அந்த சர்வின்மேல் உள்ள பயத்தால் எதிராளி பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்பதால், நடுக்கோட்டு சர்வ் திறந்த வெளியில் விழுகிறது. பலமான சர்வ், போடாமலே வேலை செய்கிறது.

வாக்கர், வூடர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் முன்னணி வீரர்கள் மோதிய 10 ஆட்டங்களை ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இடப்பக்கம் போட்டாலும் வலப்பக்கம் போட்டாலும் அந்த வீரர்களின் வெற்றி விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எந்தச் சூத்திரமும் எழுதிப் பார்க்காமலே கலவையைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். ஆனால் ஒரு குறை இருந்தது. பக்கத்தை அவர்கள் அளவுக்கு அதிகமாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு முறை ஒரே பக்கம் போட்டால் மூன்றாவதை மாற்றத் தோன்றுவது மனித இயல்பு. நாணயத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. 100 பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டினால், சுமார் 83 பேருக்குத் தொடர்ந்து மூன்று முறையாவது ஒரே பக்கம் விழுந்திருக்கும். அதனால், அதே இடத்துக்கு மூன்றாவது முறையும் போடுவதற்குத் தயங்க வேண்டாம். சிலர் பக்கம் மாறும் இடைவேளையில் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து, ஒற்றைப்படை என்றால் இந்தப் பக்கம், இரட்டைப்படை என்றால் அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்வார்கள். எனக்கு இது பிடித்த வழி. நெருக்கடியான நேரத்தில் தீர்மானிக்கும் பாரம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. வலம், இடம் இரண்டோடு உடம்பை நோக்கிப் போடும் சர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெடிய கைக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை.

இதையெல்லாம் ஒரே பயிற்சியில் பழக ஒரு வழி உண்டு. பீட் சாம்ப்ராஸ் சிறுவனாக இருந்தபோது அவருடைய பயிற்சியாளர் பீட் ஃபிஷர், பந்து கையை விட்டு மேலே போன பிறகுதான் எங்கே போட வேண்டும் என்று கூவுவாராம். டாஸ் போடும்போது விடை தெரியாததால் டாஸ் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். சாம்ப்ராஸின் சர்வை ஏன் யாராலும் படிக்க முடியவில்லை என்பது இதிலேயே விளங்கும். உங்களுக்குப் பின்னால் ஒரு நண்பரை நிறுத்தி, டாஸ் உச்சியை அடையும் முன் "வெளியே", "நடு", "உடம்பு" என்று ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் பாதி சர்வ் வலையில்தான் போய் விழும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு நாளுக்கு முப்பது, நாற்பது என்று போடுங்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த நண்பரை எதிர்ப்பக்கம் அனுப்பி, பந்து மட்டையில் படும்முன் எந்தப் பக்கம் என்று கைகாட்டச் சொல்லுங்கள். இரண்டே பக்கம் என்று வைத்துக்கொண்டால், பத்துக்கு ஐந்து முறை அவர் தப்பாகக் காட்ட வேண்டும். ஒன்பது முறை சரியாகக் காட்டினால் ஆட்டத்தை நிறுத்தி, எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.