பாலைவனத் தண்ணீரும் பாய்லர் நுரையும்

"அமெரிக்காவின் நெவாடாவில் ஹம்போல்ட் ஆற்றை ஒட்டித்தானே தண்டவாளம் போட்டார்கள், பிறகு தண்ணீருக்கு ஏன் திண்டாட்டம்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

அது கடலைச் சேராத ஆறு. வெல்ஸ் என்ற ஊர்ப் பக்கம் ஊற்றெடுத்து, மேற்கே ஓடி, ஒரு பள்ளத்தில் தேங்கி வெயிலில் வற்றிவிடும். நீர் போய்விடும், சோடா உப்பு தங்கும். கீழே போகப் போக உவர்ப்பு ஏறும். 1868இல், கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே வந்த சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதை, வாட்ஸ்வொர்த்தில் ட்ரக்கி ஆற்றை விட்டு நகர்ந்ததும் இந்த உவர்நிலத்தில்தான் இறங்கியது. தண்ணீரையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

நீராவி எஞ்சினும் அந்தப் பள்ளமும் ஒன்றுதான். சிலிண்டரில் உழைத்த நீராவி புகைபோக்கி வழியே போய்விடும். உப்பு பாய்லரிலேயே கிடக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு என்றால், எஞ்சினோடு கோத்த தண்ணீர் வண்டியான 7,500 லிட்டர் டெண்டர் ஒன்று காலியாகும்போது 3.75 கிலோ சேர்ந்திருக்கும். கால்சியம் உப்புகள் தகட்டில் பாறையாகப் படியும். வீட்டு கீசரில் பார்த்திருப்பீர்கள். வேடிக்கை சோடியம் உப்புகளில்தான்.

நல்ல தண்ணீரில் குமிழி மேலே வந்ததும் உடையும். சோடா உப்பு ஏறி, நுண்ணிய சேறும் கலந்தால் குமிழியின் தோல் உறுதிப்பட்டுவிடும். நுரை பொங்கி நீராவியோடு சிலிண்டருக்குள் போகும். நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மோதினால் சிலிண்டர் மூடி தெறித்துவிடும். இதைவிட மோசமானது நுரை சொல்லும் பொய். நீர்மட்டம் பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சின்னத் திருகுக் குழாய்கள் உண்டு. மேல் குழாயில் நீர் தெறித்தால் பாய்லர் நிறைந்திருப்பதாகத் தோன்றும். நீராவியை அடைத்ததும் நுரை அடங்கும், மட்டம் சரேலென்று இறங்கும். எரிபொருள் எரியும் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு நீருக்கு வெளியே தெரிந்தால் அது பழுக்கக் காய்ந்து இளகும், பாய்லர் வெடிக்கும்.

அடிவால்வைத் திறந்து உப்பு நீரைக் கொஞ்சம் வெளியேற்றலாம், ஆனால் வெந்நீரோடு எரிபொருளும் வீண். பாய்லரைக் குளிரவைத்துக் கழுவலாம், எஞ்சின் சும்மா நிற்கும். நுரையை உடைக்க விளக்கெண்ணெய்கூட ஊற்றியிருக்கிறார்கள்.

ஆக, ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் மலையூற்றைத் தேடத்தான் வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தங்கமும் வெள்ளியும்தான் காரணம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ரயிலும் தண்ணீரும்கூடக் காரணம்தான். ஊற்றுகள் இருந்த வெல்ஸ் நிலைத்தது. யூட்டாவின் டெர்ரஸ் என்ற ரயில் பட்டறை ஊருக்கோ தொலைவு மலையூற்றுகளிலிருந்துதான் நீர் வரவேண்டும். 1904இல் கிரேட் சால்ட் ஏரியின் குறுக்கே, டெர்ரஸைத் தொடாத நேர்ப்பாதை திறந்தது. பட்டறை போனது, ஊரும் காலியானது.