தைராய்டை எடுத்தாயிற்று, இன்னும் முட்டைக்கோஸுக்கு ஏன் பயம்?

இந்த மாதமும் முட்டைக்கோஸுக்குப் பயப்படும் ஒருவர். புற்றுநோய்க்காகத் தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்தவர். முகம் உப்பி, குரல் தடித்து, நடை தளர்ந்து கிளினிக்கில் வந்து உட்காருகிறார். ரத்தத்தில் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. தாதியான நான் சாப்பாடு எப்படி என்று கேட்டால் வீட்டார் பெருமையாகச் சொல்கிறார்கள்: "முட்டைக்கோஸ், முள்ளங்கி எதையும் கண்ணுல காட்டுறதில்ல மிஸி." மாத்திரை? "காலையில கோப்பியோட போட்டுடுவாரு. கால்சியமும் கூடவே."

பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் தைராய்டு நோயாளி உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த முட்டைக்கோஸ் பத்தியம் இருக்கிறது. கேடு செய்வதைச் செய்துகொண்டு, ஒரு கேடும் செய்யாத காய்கறியை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

பொறுமையாகக் கேளுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகுக் கீரை வகைகளில் உள்ள சில பொருள்கள் தைராய்டு சுரப்பி அயோடினைப் பயன்படுத்தி ஹார்மோன் செய்வதைக் கொஞ்சம் தடுக்கும். தடுப்பதற்கு முதலில் சுரப்பி இருக்க வேண்டும் அல்லவா? உங்களுக்கு அதை எடுத்தாயிற்று. நீங்கள் விழுங்கும் லெவோதைராக்ஸின் மாத்திரை, உடம்பு செய்ய வேண்டிய ஹார்மோனேதான், செய்து முடித்தே வருகிறது. முட்டைக்கோஸால் அதை ஒன்றும் செய்ய முடியாது. சுரப்பி உள்ளவர்களுக்கும் சமைத்து அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை, உணவில் அயோடின் போதுமான அளவு இருந்தால் சரி. நம் கடை உப்பில் அயோடின் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஆகவே முட்டைக்கோஸைத் தாளித்துப் பிரட்டிச் சாப்பிடுங்கள். ஹார்மோன் குறைந்தால் மலச்சிக்கல் வரும், அதற்கும் காய்கறி நல்லது.

அயோடின் பத்தியம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. மிச்சமிருக்கும் தைராய்டுச் செல்லை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன்னால் ஒன்றிரண்டு வாரம் மட்டும். அப்போது அயோடின் உப்பு, நெத்திலி, கருவாடு, பெலாச்சான் (இறால் விழுது), அகர் அகர், பால், முட்டை மஞ்சள் கரு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். சிகிச்சை முடிந்து, டாக்டர் சரி என்றதும் நெத்திலி சம்பல் திரும்ப வரலாம். வருஷக்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிடும் பாட்டிமார்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், பசியாறுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. கோப்பி, தே தாரிக், மைலோ எதுவும் கூட வேண்டாம். கோப்பியோடு போட்டால் மாத்திரை குடலில் சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கேஸ்திரிக்குக்கு எடுக்கும் ஆன்டாசிட் (அமிலத்தைத் தணிக்கும்) மருந்து ஆகியவை லெவோதைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சோயா பாலையும் தள்ளியே குடியுங்கள். வெற்றிலை போடுகிற பெரியவர்கள் கவனியுங்கள், சுண்ணாம்பும் கால்சியம்தான். பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோய்க்கு வழி, அதையும் விட்டுவிட்டால் சந்தோஷம்.

இருட்டோடு ரப்பர் மரம் வெட்டி பால் எடுக்கப் போகிறவர்கள் கேட்பது நியாயம்தான்: எழுந்ததும் கோப்பி குடித்துவிட்டு ஓட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது? அவர்களுக்கு இரவு வழி உண்டு. சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டோடு கால்சியம் எடுப்பவர்களுக்கு இது இடிக்கும், கால்சியத்தைக் காலைக்கும் மதியத்துக்கும் மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரம். இன்று காலை, நாளை இரவு என்று மாற்றாதீர்கள். ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்ததும் வெறும் வயிறாகப் பார்த்துப் போடுங்கள். அடுத்த நாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய மாத்திரை மட்டும் போதும், இரட்டிப்பாக வேண்டாம்.

"ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன், ஒன்னும் ஆகல." ஆகாது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் பிடிக்கும். சோர்வும் குளிரும் வீக்கமும் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். அதற்குள் "வயசாயிடுச்சு" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் அளவுக்கு மீறித் தூங்கி வழிந்து, உடம்பு சில்லிட்டு, பேச்சு குழறினால் அது வயசு இல்லை. 999ஐ அழையுங்கள்.

ரத்தம் எடுக்கும் நாளுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்களுக்குத் தெரியும். டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) சரியாக இருக்கும், டிஎஸ்எச் மட்டும் உயரத்தில் நிற்கும். டிஎஸ்எச் நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். திட்டமாட்டோம், உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் மறைத்தால் தேவையில்லாமல் அளவைக் கூட்டிவிடுவார்கள், பிறகு ஒழுங்காகப் போடும்போது நெஞ்சு படபடக்கும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது முடிவையே தலைகீழாக்கும், ரத்தம் எடுப்பதற்கு 2 நாளாவது முன்பே நிறுத்த வேண்டும்.

இன்னொரு குழப்பம். புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்கு டிஎஸ்எச்சை 0.1க்கும் கீழே வேண்டுமென்றே அழுத்தி வைப்பார்கள். மிச்சம் மீதி புற்றுநோய்ச் செல்லை டிஎஸ்எச் தூண்டிவிடக் கூடாது என்பதற்காக. இது தெரியாமல் வேறொரு கிளினிக்கில் "மருந்து கூடிப்போச்சு" என்று அளவைக் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் டிஎஸ்எச் எவ்வளவில் இருக்க வேண்டும் என்று ஈப்போவில் உங்கள் புற்றுநோயைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு மருந்துப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். வேறு எங்கே போனாலும் அதைக் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் சில நாளில் உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் எறும்பு ஊர்வது, கெண்டைக்கால் இழுப்பது இருந்தால் தைலம் தேய்த்து உட்காராதீர்கள். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் அதிர்ந்துபோய், கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி. வார்டுக்குப் புதிதாக வந்த தாதியர்களுக்கு: மரத்துப்போகிறது என்று நோயாளி சொன்னால் ரத்த அழுத்தப் பட்டையை மேல் அளவைவிட 20 கூட்டி 3 நிமிடம் வைத்துப் பாருங்கள், விரல்கள் குவிந்து மணிக்கட்டு மடங்கினால் டாக்டரைக் கூப்பிடுங்கள். கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே செலுத்த வேண்டும். நரம்பு ஊசி நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். கழுத்து திடீரென்று வீங்கி மூச்சு இரைந்தால் அது வேறு அவசரம், உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கலாம், தையல் பிரிக்கும் தட்டு படுக்கையருகே இருந்தே ஆக வேண்டும்.

கதிரியக்க அயோடின் எடுத்து வருகிறவர்கள் வீட்டை முன்கூட்டியே யோசியுங்கள், சில நாள் உங்கள் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும். லயத்தில் ஓர் அறை, ஒரு கழிப்பறை, ஏழு பேர் என்றால் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அத்தை வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ முதலிலேயே அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மோட்டாரில் பின்னால் ஒட்டி உட்கார்ந்து வராதீர்கள். காரில், பின் இருக்கையில், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். தனியாகப் படுங்கள், துண்டும் தட்டும் தனி, கழிப்பறையில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து இரண்டு முறை தண்ணீர் அடியுங்கள். எத்தனை நாள் என்பது ஒவ்வொருவருக்கும் மாறும், கொடுத்த தாளில் தேதி இருக்கும். பெண்கள் அதன்பின் குறைந்தது 6 மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது.

கர்ப்பம் தரித்துவிட்டால் தயவுசெய்து, "வயித்துல பிள்ளை இருக்கு, மருந்து வேண்டாம்" என்று இந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. முதல் வாரங்களில் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனை வைத்துத்தான். அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், நாலில் ஒரு பங்கோ அதற்கு மேலோ. மாதவிலக்கு தள்ளிப்போனதுமே கிளினிக்குக்கு வந்து சொல்லுங்கள், அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.